ஒரு சுவரின் வலது ஓரம்: வன்னிக் கிராமமொன்றில் சிதைக்கப்பட்ட ஓவியம் பற்றிய நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சி மாவட்டத்தில் குளத்தை அண்டிய கிராமம் ஒன்றில், 2020 பெப்ரவரியில், சனசமூக நிலையச் சுவரிலிருந்த ஓவியத்தின் மேல் இரவோடு இரவாகக் கழிவு ஒயில் ஊற்றப்பட்டது. அது எப்படி நடந்தது, நாங்கள் என்ன செய்தோம், எதைச் செய்யாமல் விட்டிருக்க வேண்டும் என்பதை இங்கே பதிகிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தரவில்லை. சம்பந்தப்பட்ட தாயும் மகனும் இதை வாசித்து, இரண்டு இடங்களை மாற்றச் சொல்லி, அதன் பிறகே சம்மதம் தந்தார்கள்.

நான் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை. ஓவியத்துக்குப் பொறுப்பாயிருந்த ஐவர் குழுவுக்கு நான்தான் தலைவி. ஆகவே தள்ளி நின்று பார்த்தவளின் எழுத்தாக இதை எடுக்க வேண்டாம். கீழே வரும் தவறுகளில் மூத்தது என்னுடையது.

பின்னணி

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் தூரிகையும் பெயின்ற் வாளியுமாகத் தெருவுக்கு வந்தார்கள். தெற்கில் பல சுவர்களில் படைவீரர்களும் பழைய மன்னர்களும் இடம் பிடித்தனர். எங்கள் ஊர்ப் பொடியளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு மாலை ஐந்தாறு பேர் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்று, "ரீச்சர், எங்கட ஊர்க் கதையை நாங்களே கீறுவம்" என்றார்கள். அவர்களில் ஒருவர் நுண்கலை பயின்றவர். என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவர். அவரே பிரதான ஓவியர்.

சுவர் 32 அடி நீளம், 8 அடி உயரம். பிரதேச சபைக்குரிய காணியில் நிற்கும் கட்டடம்; வீதியைப் பார்த்த பக்கம். மார்கழி மழையில் சுவர் ஈரம் குடித்திருந்தது. ஈரச் சுவரில் இமல்ஷன் அடித்தால் பொருக்குக் கிளம்பும் என்பதால் தைப்பொங்கல் கழிந்து, நாலு நாள் நல்ல வெயில் பட்ட பிறகே தொடங்கினோம். பெப்ரவரி 8ஆம் திகதி, சிறிய அளவில் தேங்காய் உடைத்து, திறந்துவைத்தோம்.

இடமிருந்து வலமாகக் கதை நகரும். முதலில் குளமும் துருசும் பாலை மரமும். பிறகு காடு வெட்டிக் குடியேறிய முதற் குடும்பங்கள், 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தவர்கள், சூடடிப்புக் களம். அதற்கப்பால் 2008, 2009 இடப்பெயர்வு: உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய கதவு நிலை, கோழிக்கூடு, தையல் மெசின். பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கூடாரங்கள், முட்கம்பி. பிறகு மீள்குடியேற்றம், தகரக் கொட்டில், முதல் வெண்டிச் செடி. வலது ஓரத்து ஆறடியில் 11 முகங்கள். ஒவ்வொரு முகத்தின் கீழும் எரியும் அகல்விளக்கு.

அந்த 11 முகங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஏழு முகங்களுக்கு வீட்டாரே படம் தந்தார்கள். பக்கத்தில் இருந்து திருத்தமும் சொன்னார்கள். "மூக்கு இன்னும் கொஞ்சம் கூர்" என்று ஒரு தகப்பன் மூன்று நாள் வந்துபோனார். மிச்ச நாலும் ஓவியரிடம் இருந்த ஒரு குழுப்படத்திலிருந்து வந்தவை. 2006இல் சாதாரண தரப் பரீட்சைக்கு முன் எடுத்த வகுப்புப் படம். அந்த நாலு பேரும் போரில் போனவர்கள் என்று ஊருக்குள் பொதுவாகச் சொல்வார்கள். ஒன்றாய்ப் படித்தவர்களை ஒன்றாய்க் கீறுவோம் என்று நான் சொன்னேன். அந்த நாலு வீட்டுக்கும் நாங்கள் போகவில்லை.

திறப்பு விழாவுக்கு மூன்று வாரத்துக்கு முன், காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஜனாதிபதி ஐக்கிய நாடுகளின் வதிவிட ஒருங்கிணைப்பாளரிடம் கூறியதாகச் செய்தி வந்திருந்தது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 தொடங்கித் தொடர் போராட்டத்தில் இருந்த தாய்மாருக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நாங்களும் பேசினோம். பேசியபடியே சுவரில் விளக்குக்கு மஞ்சள் தீட்டிக்கொண்டிருந்தோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிவராத்திரி இரவு

பெப்ரவரி 21, வெள்ளிக்கிழமை. ஊர் முழுக்கக் கோயிலில் விழித்திருந்தது. வீதியில் ஆள் நடமாட்டம் இல்லை. அதிகாலை நாலாம் சாமப் பூசை முடிந்து வந்தவர்கள்தான் முதலில் கண்டார்கள். வலது ஓரம் மேலிருந்து கீழாகக் கறுத்து வழிந்திருந்தது. கழிவு ஒயிலின் மணம் சந்திவரை அடித்தது என்றார்கள்.

ஏழு மணிக்குள் அறுபது எழுபது பேர் கூடிவிட்டார்கள். படங்கள் கைபேசி கைபேசியாகப் பறந்தன. எட்டு மணிக்கு இளைஞர்கள் மண்ணெண்ணெய்யும் சலவைத் தூளும் தும்புக் கட்டையும் கொண்டுவந்து தேய்க்கத் தொடங்கினார்கள். நான் போய்ச் சேர்ந்தது ஒன்பது மணிக்கு. ஆறடியில் இருந்த கறை அதற்குள் பதினாலு அடியாகி, தகரக் கொட்டிலையும் வெண்டிச் செடியையும் தின்றுவிட்டிருந்தது.

அவர்களைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. ஒருவன் அழுதுகொண்டே தேய்த்தான். ஆனாலும் அன்று காலையில் ஓவியத்துக்கு நேர்ந்த சேதத்தில் பெரும்பங்கு எங்கள் கையால் நேர்ந்தது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். இமல்ஷன் பூச்சு நுண்துளை உள்ளது. மண்ணெண்ணெய் ஒயிலை இளக்கும். இளகிய ஒயில் அந்தத் துளைகள் வழியே சீமெந்துப் பூச்சுக்குள் இறங்கும். தும்புக் கட்டை நிறத்தையே உரித்துவிடும். செய்திருக்க வேண்டியது மிக எளிது: தேய்க்காமல், பழந்துணியாலோ கடதாசியாலோ ஒற்றி ஒற்றி எடுத்து, மேலே முகப்பவுடர் போன்ற உறிஞ்சும் தூளை அப்பிவிட்டுக் கையை எடுத்துக்கொள்வது.

எது வீசப்பட்டது என்பதைப் பொறுத்தே முதலுதவி மாறும். 1985 ஜூனில் அன்றைய லெனின்கிராட்டின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்டின் 'டானாய்' ஓவியத்தை ஒருவர் கத்தியால் குத்தி, சல்பூரிக் அமிலத்தையும் ஊற்றினார். நீரால் கழுவியே அமிலத்தை நிறுத்தினார்கள். அதன் பிறகு திருத்த 12 ஆண்டுகள் பிடித்தன. 1990இல் ஆம்ஸ்டர்டாமில் அதே ஓவியரின் 'இரவுக் காவல்' மீது அமிலம் தெளிக்கப்பட்டபோது, காவலர்கள் உடனே தண்ணீர் அடித்ததால் அமிலம் மேல் வார்னிஷோடு நின்றது. அங்கே உடனடித் தண்ணீர் ஓவியத்தைக் காத்தது. எங்கள் சுவரில் உடனடி மண்ணெண்ணெய் அதைக் கெடுத்தது. இதை நான் வகுப்பில் ஒருநாளாவது படிப்பித்ததில்லை. ஓவியம் கீறச் சொல்லிக்கொடுத்தோம். அதற்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

சந்தேகங்கள்

சந்தேகம் எங்கே போகும் என்பது வன்னியில் எல்லாருக்கும் தெரிந்ததே. போர் முடிந்தபின் மாவீரர் துயிலும் இல்லங்கள் இயந்திரங்களால் மட்டமாக்கப்பட்டதைக் கண்ட சனம் இது. அதற்கு முன்னர் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைக் கேட்டு வளர்ந்த சனம். மெனிக் பாமும் முட்கம்பியும் உள்ள ஓவியம் யாருக்கு உறுத்தும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பதில் எல்லார் முகத்திலும் இருந்தது. இலக்கத் தகடு இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று இரவு போனதாக ஒரு கதை பத்து மணிக்குக் கிளம்பியது. அடுத்த நாள் அது அச்சிலும் வந்துவிட்டது. தேர்தல் காலமாதலால் ஒரு கட்சியின் மேலும், காணித் தகராறு ஒன்றினால் அயலூர்க்காரர் மேலும் கை நீண்டது.

எனக்கும் முதல் சந்தேகம்தான் இருந்தது. பெரும்பாலும் அந்தச் சந்தேகமே சரியாயிருக்கும் வரலாறு எங்களுடையது. ஆனால் அந்த வரலாறு என் கண்ணை ஒரு திசையில் மட்டும் திருப்பி வைத்திருந்தது. எதிரே சுவரில் எழுதியிருந்ததை வாசிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது.

முதல் மூன்று முடிவுகள்

அன்று மதியம் குழு கூடி மூன்று முடிவுகள் எடுத்தது.

பொலிஸில் முறைப்பாடு செய்வது. இதில் எங்களுக்குள் தயக்கம் இருந்தது. கட்டடம் சபையுடையது என்பதால், 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துகளுக்கெதிரான குற்றங்கள் சட்டத்தின்கீழ் விடயம் போகலாம். அதில் சிக்கினவருக்குப் பிணை எளிதில் கிடைக்காது என்று நிலையத்தின் பொருளாளர் சொன்னார். அவர் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். ஆனாலும் செய்தியாளர்கள் கேட்கத் தொடங்கிவிட்டதால், முறைப்பாடு இல்லாவிட்டால் நாங்களே எதையோ மறைக்கிறோம் என்றாகும். 'இனந்தெரியாதோர்' என்று மட்டும் எழுதிக்கொடுத்தோம். எந்தத் தரப்பையும் சுட்டவில்லை. அந்த ஒரு வரியில் நிதானமாக இருந்தது பின்னால் பெரிய உதவியாயிற்று.

இரண்டாவது, உடனே வெள்ளையடித்து மேலே மறுபடி கீறக்கூடாது என்பது. ஓவியருக்கே இது பிடிக்கவில்லை. இரவுக்குள் திருத்திக் காட்டி, செய்தவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நின்றார். அவசரத் திருத்தம் இரண்டாவது சேதமாகும் என்று நான் வாதாடினேன். 1986இல் ஆம்ஸ்டர்டாமில் பார்னட் நியூமனின் பெரிய சிவப்பு ஓவியம் ஒன்றைக் கத்தியால் கிழித்தார்கள். 1991இல் திருத்தி மீண்டும் தொங்கவிட்டபோது, திருத்தியவர் உருளையால் சிவப்பை மேலே பூசி, அசலின் நுண்மையைக் கொன்றுவிட்டார் என்று பெரும் சர்ச்சை எழுந்தது. எங்கள் நாட்டிலேயே, 1967 ஒக்டோபரில் சிகிரியா ஓவியங்கள் மேல் பச்சைப் பெயின்ற் அப்பப்பட்டபோது, இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சி வந்துதான் பொறுமையாக அதைக் களைந்தார். எங்கள் சுவருக்கு எவரும் வரப்போவதில்லை. அதனால்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்றேன். ஓவியர் பதில் சொல்லாமல் எழுந்து போனார். அடுத்த நாள் காலையில் தானே தறப்பாளோடு வந்தார்.

மூன்றாவது முடிவு அந்தத் தறப்பாள். சுவரோடு ஒட்டாமல், காற்றுப் போக ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டினோம். தறப்பாளைக் கண்டதும் வயதான ஒரு அம்மா, "இதுக்குள்ளையும் தறப்பாளோ" என்று விட்டுப் போனார். தறப்பாளின் கீழ் இரண்டு வருடம் கிடந்தவர்களின் ஊர் இது.

சேதத்தை வாசித்தது

தேய்ப்பதற்கு முன்னான சுவரின் படம் யாரிடமாவது இருக்கிறதா என்று தேடினோம். கூட்டமாக எடுத்த செல்பிகள் நிறைய இருந்தன. சுவர் தெளிவாகத் தெரிந்தது ஐந்தே படங்களில். காலை 6.20க்குத் தனியார் வகுப்புக்குப் போன பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி எடுத்தவை. நேரே நின்று, ஒவ்வொரு பகுதியாக, நடுங்காமல் எடுத்திருந்தாள். ஏன் அப்படி எடுத்தாய் என்று கேட்டேன். "பிறகு திருப்பிக் கீற வேணும்தானே ரீச்சர்" என்றாள்.

மூன்றாம் நாள் மாலை அந்தப் படங்களைப் பெரிதாக அச்சடித்து மேசையில் பரப்பினோம். மூன்று விடயங்கள் தெரிந்தன.

ஒயில் வீதியிலிருந்து வீசப்படவில்லை. வீசியிருந்தால் சிதறல் இருக்கும். துளிகள் பக்கங்களுக்கும் தெறித்திருக்கும். இது சுவர் விளிம்பில் கையை வைத்து, வலது ஓரத்தில் மட்டும், மேலிருந்து ஊற்றப்பட்டது. முட்கம்பிக்கு ஒரு சொட்டுப் படவில்லை. முகாமின் படத்துக்காகக் கோபப்பட்டவன் முகாமைத் தொடாமல் போவானா?

இரண்டாவது, இரண்டாம் வரிசையில் ஒரு விளக்கு மட்டும் சீமெந்து தெரியும்வரை சுரண்டப்பட்டிருந்தது. மற்றப் பத்து விளக்குகளும் ஒயிலுக்கு அடியில் முழுசாகவே இருந்தன. சுரண்டலுக்கு மேலாகத்தான் ஒயில் வழிந்திருந்தது. அதாவது சுரண்டல் முதலில், ஒயில் பிறகு.

மூன்றாவதைக் கண்டது அந்தப் பிள்ளைதான். அதே விளக்குக்கு மேலிருந்த முகம் மற்ற முகங்களைவிட வெளிறியிருந்தது. ஒயில் வழிந்த பின் யாரோ துணியால் அதைத் துடைத்திருக்கிறார்கள்.

சிதைக்கப்பட்ட படைப்பில் அடி எங்கே விழுந்தது என்பதையும் எங்கே விழவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 1972இல் வத்திக்கானில் மைக்கலாஞ்சலோவின் 'பியெத்தா'வைச் சுத்தியலால் அடித்தவர் மாதாவின் முகத்தையும் கையையும் உடைத்தார். இங்கே முகத்தைத் துடைத்துவிட்டு விளக்கைச் சுரண்டியிருக்கிறார்கள். இது வெறுப்பில் எழுந்த கையாக எனக்குத் தெரியவில்லை. குழுப்படத்தை எடுத்து அந்த முகம் யாருடையது என்று ஓவியரைக் கேட்டேன். பெயரைச் சொன்னார். சொல்லும்போதே அவருடைய குரல் இறங்கிவிட்டது.

அந்த வீடு

படத்திலிருந்த நாலு வீட்டுக்கும் போவது, யாரையும் குற்றம் விசாரிப்பதில்லை, கேட்காமல் கீறியதற்கு மன்னிப்புக் கேட்பது என்று முடிவெடுத்து, நானும் ஓவியரும் ஐந்தாம் நாள் கிளம்பினோம். முதல் வீட்டில் மகனின் இறப்பு நிச்சயம். விளக்கு இருப்பது சரி என்றார்கள். இரண்டாவது வீட்டார் வெளிநாட்டில். தொலைபேசியில் பேசி, படத்தையே எடுத்துவிடச் சொன்னார்கள். மூன்றாவது வீட்டில் தகப்பன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெரியாது பிள்ளை. எங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்றார்.

நாலாவது வீடு அந்த முகத்தின் வீடு. மகன் 2009 மே மாதம், பத்தொன்பது வயதில், வட்டுவாகல் பாலத்தடியில் தாயின் கண்முன் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டவர். 2016 சட்டத் திருத்தத்துக்குப் பின் இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் பதியும் சான்றிதழைப் பெறலாம் என்று அதிகாரிகள் வந்து சொன்னபோது, அதைக்கூட வாங்க மறுத்த தாய். திறப்பு விழா நாளிலிருந்து சனசமூக நிலையத்தடியில் பஸ்ஸால் இறங்குவதை விட்டுவிட்டு, முந்திய தரிப்பிடத்தில் இறங்கி வாய்க்கால் வரம்பால் நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். பெப்ரவரி 20, போராட்டத்தின் மூன்றாண்டு நிறைவுக்குக் கிளிநொச்சி போய்த் திரும்பிய பஸ் அங்கே நில்லாமல் வந்து சுவருக்கு நேரே நின்றது. கையில் சட்டம் போட்ட படம். சுவரில் அதே முகம், விளக்கோடு. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

என்னைக் கண்டதும் எழுந்து கதிரை போட்டார். அவர் சொன்னதை அவருடைய சொல்லிலேயே தருகிறேன்:

"அவன்ரை முகம் நல்லாய் வந்திருக்கு ரீச்சர். அந்தச் சிரிப்பு அவன்ரைதான். ஆனால் விளக்கை ஆர் வைக்கச் சொன்னது? பதினொரு வருசமாய் நான் என்ரை கையாலை வைக்காத விளக்கு."

எனக்கு மறுமொழி இருக்கவில்லை. ஓவியர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பிழை எங்களிலை அம்மா" என்றார்.

பத்தியில் காபரேற்றரைக் கழுவிக்கொண்டிருந்த இளைய மகன் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தான். சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் வேலை, இருபத்திரண்டு வயது. "நான்தான் ரீச்சர் ஊத்தினது. அம்மாக்குத் தெரியாது" என்றான். தாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் தொடர்ந்தான்: "விளக்கை மட்டும் சுரண்டத்தான் போனனான். சுரண்டினாப் பிறகு பாத்தால், இதொண்டு மட்டும் போனால் எங்கட வீடு எண்டு எல்லாருக்கும் விளங்கிப்போடும். அதாலைதான் எல்லாத்துக்கும் மேலை ஊத்தினனான். அண்ணாவின்ரை முகத்திலையும் வழிஞ்சிது. சாரத்தாலை துடைச்சனான்."

பெயரைச் சொல்வதா

குழுவில் இதைப் போல் கடினமான இரவு வேறில்லை. இரண்டு பேர் பொலிஸுக்குப் பெயரைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது: ஏழு குடும்பங்களின் பிள்ளைகளின் முகத்திலும் ஒயில் வழிந்தது; அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. ஊர் முழுக்க வேறு தரப்பினரைச் சந்தேகித்துக்கொண்டிருக்கையில் உண்மையை மறைப்பது எங்களைப் பொய்யராக்கும். மற்ற மூவரும், நானும் அடக்கம், மறுத்தோம். பாலத்தடியில் மூத்தவனை ஒப்படைத்த தாயிடமிருந்து இளையவனையும் கூட்டிக்கொண்டுபோய்ப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்க என் கால் நடக்காது என்று சொன்னேன். அது சட்ட நியாயம் ஆகாது என்பது தெரியும்.

முடிவைத் தந்தது தாய். அவர் மகனுக்கு ஒரு நிபந்தனை வைத்தார்: முகம் அழுக்கான ஒவ்வொரு வீட்டுக்கும் அவனே போய், வாசலில் நின்று, தான்தான் செய்தது என்று சொல்ல வேண்டும். பத்து நாளில் அவன் போனான். பெரும்பாலான வீடுகளில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். வெளிநாட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னான்.

சபைக்குத் தலைவர் மூலம் நடந்ததைச் சொன்னோம். சுவர் திருத்தப்படுகிறது, இழப்பீடு கோரவில்லை என்று சபை எழுதிக்கொடுத்தது. அதன் பிறகு விசாரணைக்கு எங்களை எவரும் அழைக்கவில்லை. செய்தி போட்டவர்களிடம், சந்தேகிக்கப்பட்ட எந்தத் தரப்புக்கும் இதில் தொடர்பில்லை, விடயம் ஊருக்குள் தீர்க்கப்பட்டது என்று அறிவித்தோம். முந்திய செய்தி பரவிய தூரத்தில் கால்வாசிகூட இது போகவில்லை.

ஊரடங்கும் திருத்தமும்

திருத்த வேலை தொடங்கும் வாரத்தில், மார்ச் 20 மாலை, கொரோனா ஊரடங்கு வந்தது. ஜூன் கடைசிவரை தறப்பாளின் கீழ் ஒயில் ஊறியது. மூன்று மாதம் முன்னதாக எடுத்திருந்தால் வந்திருக்கக்கூடிய கறை இப்போது பூச்சின் அடிவரை போயிருந்தது.

சுவரோவியப் பாதுகாப்பில் பயிற்சி உள்ள ஒருவர் தொலைபேசியில் வழி சொன்னார். அவர் முதலில் சொன்னது, ஓவியத்தில் கைவைக்காமல் கட்டடத்தின் பின்சுவரில் அதே பெயின்ற் பூசி, அதே மாதிரிக் கழிவு ஒயில் ஊற்றிச் சோதிக்கச் சொன்னதுதான். டின்னர் என்ற பெயின்ற் கரைப்பான் நிறத்தையே கரைத்தது, விட்டோம். பழங்கடதாசியை ஊறவைத்து அரைத்த கூழைக் காயவைத்து, பவுடரும் டர்பன்டைனும் சேர்த்துப் பிசைந்து, அரை அங்குலத் தடிப்பில் அப்பி, பொலித்தீன் மூடி ஒரு நாள் விட்டு, பிறகு திறந்து உலர விட்டால், ஒயில் கூழுக்குள் ஏறியது. மண்ணெண்ணெய் பரப்பிய எட்டடியும் இப்படி நாலைந்து தடவையில் பெரும்பாலும் வெளுத்தது. இளைய மகன் கடை முடிந்து ஒவ்வொரு மாலையும் வந்து கூழ் பிசைந்தான்.

முகங்கள் இருந்த ஆறடி வெளுக்கவில்லை. மேலே எத்தனை பூச்சு அடித்தாலும் அடியிலிருந்து ஒயில் கசிந்து வரும். பூச்சையே கொத்தி எடுக்க வேண்டும் என்று மேசன் சொன்னார். கறையில் ஒரு பட்டையை மட்டும் சாட்சியாக விட்டுவைக்கலாமே என்று நான் கேட்டேன். இறந்தவர்களின் வீட்டார் ஒரே குரலில் மறுத்தார்கள். "எங்கட பிள்ளையளின்ரை முகத்துக்குக் கீழை ஏன் ரீச்சர் ஊத்தை?" என்று மூன்று நாள் மூக்குத் திருத்திய அதே தகப்பன் கேட்டார். அவர் சொன்னதே சரி. என் யோசனை பார்க்க வருபவர்களுக்கானது. அவர்கள் ஒவ்வொரு நாளும் அந்த வழியால் போகிறவர்கள்.

கொத்தி எடுத்த துண்டுகளை என்ன செய்வது என்று ஒருவரும் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. முகம் உள்ள சாந்தைக் குப்பையில் கொட்ட முடியாது. ஒயில் ஊறியதால் குளத்திலும் போட முடியாது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் 1962இல் செய்து முடித்த பெரிய சுவர்ச் சிற்பத்தை அரசு 1979இல் கழற்றிச் சேதமாக்கியது. 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபா இழப்பீட்டோடு, மிஞ்சிய துண்டுகளையும் அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னது. சிதைந்த துண்டுக்கும் உரித்தாளர் உண்டு என்பதை அந்தத் தீர்ப்பில்தான் நான் படித்தேன். எங்கள் சுவரில் உரித்தாளர் ஓவியர் மட்டும்தானா என்று அவரையே கேட்டேன். வீட்டாரைக் கேட்போம் என்றார்.

மாப்பசையில் தோய்த்த பருத்தித் துணியை ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒட்டி, காயவிட்டு, மேசன் பின்பக்கமாகத் தட்டையுளி கொடுத்து மெல்ல மெல்லப் பெயர்த்தார். ஏழு துண்டுகள் முழுதாக வந்தன; நாலு உடைந்தன. இறந்தவர்களின் வீட்டார் எல்லாரும் சேர்ந்து நிலையத்து வேம்படியில் குழி வெட்டித் தங்கள் துண்டுகளைப் புதைத்தார்கள். அந்தத் தாயிடம் புதைப்பது என்ற சொல்லை எடுக்கவே எங்களுக்குப் பயமாயிருந்தது. அவருடைய மகனின் துண்டு மூன்றாக உடைந்திருந்தது. பழைய சேலைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். சாமிப்படத் தட்டில் வைக்கவில்லை. பாடசாலைச் சான்றிதழ்கள் இருக்கும் அலுமாரியில் வைத்திருக்கிறார்.

பிறகு நடந்தவை

புதிய பூச்சில் எட்டு முகங்கள் விளக்கோடு வந்தன. வெளிநாட்டு வீட்டாரின் பிள்ளை அவர்கள் விருப்பப்படி இல்லை. தெரியாது என்ற தகப்பனின் மகனும் இந்தத் தாயின் மகனும் வரிசையை விட்டு விலகி, இடப்பெயர்வுக்கு முன்னான பகுதியில், பாடசாலை வாசலில், சைக்கிளோடு நிற்கிறார்கள். மீண்டும் திறப்பு விழா வைக்கவில்லை.

2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடிக்கப்பட்டபோது, ஊர் இளைஞர்கள் முதலில் செய்தது எங்கள் சுவரைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து மூன்று இடத்தில் சேமித்ததுதான். ஒற்றும் துணியும் பவுடர் டின்னும் இப்போது நிலைய அலுமாரியில் இருக்கின்றன. ஒயில், பெயின்ற், அமிலம் என்று எது பட்டால் என்ன செய்வது என்று எழுதிய அட்டையை அந்தப் பிள்ளை எழுதி உள்ளே ஒட்டியிருக்கிறாள். ஓவியத்துக்கு மேல் நிறமற்ற வார்னிஷ் இரண்டு பூச்சு. இனி எது பட்டாலும் முதலில் அதில்தான் நிற்கும்.

இன்னொரு முறை என்றால், தூரிகை எடுப்பதற்கு முன் கொப்பி எடுப்பேன். கீறப்போகும் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பக்கம். அதில் வீட்டார் சொல்வது மட்டும். இறந்தவரா, இருப்பவரா, தெரியாதா என்பதை ஊர்ப் பேச்சிலிருந்து எடுக்கமாட்டேன். சேதம் நடந்த காலையில் சுவருக்கும் சனத்துக்கும் நடுவே ஒரு கயிறு கட்டி, படம் எடுத்து முடியும்வரை யாரையும் தொடவிடமாட்டேன்.

பெயரை மறைத்த முடிவைப் பற்றி மட்டும் இன்னும் எனக்குள் தெளிவில்லை. கதவைச் சாத்திய வீட்டுப் பெண் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. அவருடைய மகனின் முகத்தில் ஒயில் ஊற்றியவனுக்கு நான் கூழ் பிசையும் வேலை கொடுத்தேன் என்பது அவர் சொல்வது.

பாடசாலை வாசல் ஓவியம் முடிந்த அன்று தாய் வந்து பார்த்தார். நெடுநேரம் நின்றார். பிறகு ஓவியரிடம், "தம்பி, அவனுக்கு இப்ப முப்பது வயசு. முப்பது வயசாய்க் கீற ஏலுமே?" என்று கேட்டார். ஓவியர் தகப்பனின் பழைய படத்தையும் இளையவனின் தாடையையும் வைத்து மூன்று தடவை கடதாசியில் கீறிக் கொடுத்தார். மூன்றையும் பார்த்துவிட்டு, இவன் இல்லை என்றார். நாலாவது ஓவியரின் மேசையில் இருக்கிறது. கண் மட்டும் முடிந்திருக்கிறது.